மிச்சம் நின்ற வீடு

எங்கள் வீட்டில் வரவைச் செலவு எட்டிப் பிடித்ததே இல்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து நாற்பத்து நாலு வருஷம், ஒரு மாதம் தவறாமல், ஏதாவது ஒரு மிச்சம் நின்றது. பெருமைக்காகச் சொல்கிறாள் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். பாகூர் ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். யாரிடமும் கை நீட்டாத வீடு எது என்று அங்கே கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது, எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை. எதிர்வீட்டு டீச்சரம்மா பிழை பார்த்துத் தருகிறார். இரண்டு மூன்று இடத்தில், "இத எடுத்துடலாமாம்மா, உங்கள தப்பா நெனப்பாங்க" என்று கேட்டார். எழுத்தைத் திருத்துங்கள், நடந்ததைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மிச்சம் வானத்திலிருந்து விழாது. யாரோ ஒருவர் வாயிலிருந்து எடுத்தால்தான் வரும். உலைக்கு அரிசி அளந்து எடுத்த பிறகு அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் திரும்ப அரிசிப் பானையில் போடுவேன். என் மாமியார் செய்தார், நானும் செய்தேன். நாலு பேர் சாப்பிடும் வீட்டில் ஒரு பிடி குறைந்தால் முதல் மூன்று பேருக்குத் தெரியாது. கடைசியில் சாப்பிடுகிறவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கடைசியில் சாப்பிட்டவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. அந்தப் பிடி அவள் வயிற்றிலிருந்து வந்தது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான் மணப்பெண்ணாக வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. நான்தான் தலை பின்னிவிட்டேன். மடுகரையில் கட்டிக் கொடுத்தோம். அவன் வேறொருத்தியை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். இருபத்து நாலு வயதில், ஒரு துணிப் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். பிள்ளை இல்லை. அன்றைக்கு என் வீட்டுக்காரர் அழுதார். நான் அழவில்லை, ஒரு வாய் கூடுகிறதே என்று யோசித்தேன். அவளிடமே சொன்னேன்: "இந்த வூட்ல யாரா இருந்தாலும் தின்றத வுட கூட ஒழைக்கணும். மாடானாலும் சரி, மனுஷியானாலும் சரி."

"சரி அண்ணி" என்றாள்.

அன்றைக்கு மறுநாள் விடியற்காலை எழுந்து மாட்டுக் கொட்டாய்க்குப் போனவள் முப்பத்தோரு வருஷம் போனாள். சாணி அள்ளுவது, வரப்பில் புல் அறுத்து வருவது, தவிடு கலப்பது, கறப்பது, சொசைட்டிக்குத் தூக்கிப் போய் ஊற்றுவது எல்லாம் அவள்தான். பால் ஒரு சொட்டு வீட்டில் தங்காது. நாங்கள் குடித்தது வரக்காப்பி. நூறு நாள் வேலைக்கும் அவள் பேரில்தான் அட்டை. அந்தப் பணம் விழும் பாங்கி புத்தகம் என் பீரோவில் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு புடவை கொடுப்பேன், நான் கட்டியதுதான். "ரெண்டு வாட்டிதான் கட்டுனது, பண்டிகைக்கு கட்டிக்கோ" என்று சொல்லிக் கொடுப்பேன். இரண்டு தடவைக்கு மேல் கட்டியிருப்பேன்.

மிச்சம் இருக்கிற வீட்டுக்கு இல்லாதவர்கள் வருவார்கள். ஐந்நூறு, ஆயிரம் என்று கைமாற்றாகக் கொடுப்பேன். வட்டி வாங்கியதில்லை. ஆனால் எனக்கு ஒரு முறை உண்டு. கேட்க வருகிறவர் கொல்லைப் பக்கமாக வரக் கூடாது. தெருவாசலில் நின்று, எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாலு பேர் காதில் விழுந்த கடன் சொன்ன தேதிக்குத் திரும்பி வரும் என்பது என் அனுபவம். மருமகன் குடிப்பதற்கு அடகு வைத்த மோதிரத்தை மீட்க வேண்டும் என்று ஒருத்தி எங்கள் வாசலில் நின்று சொன்னாள். மகளுக்குக் கரு கலைந்துவிட்டது என்று இன்னொருத்தி சொன்னாள். நான் உள்ளே இருந்தபடி, "சத்தமா சொல்லு, காதுல வுழல" என்பேன். விழுந்திருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மகளிர் குழுக் கூட்டத்துக்கு பாங்கியிலிருந்து ஓர் அம்மா வந்தார். சம்பாதிப்பதைவிடக் குறைவாகச் செலவு செய்கிற குடும்பங்களால்தான் நாடு நடக்கிறது, அவர்கள் மிச்சம் பிடித்துப் போடுவதைத்தான் பாங்கி எடுத்து இல்லாதவர்களுக்குக் கடன் கொடுக்கிறது என்று விளக்கிவிட்டு, என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. மகன் பயிர் பார்த்தான். காணி நிலம், கரும்பும் நெல்லும். ஆலையிலிருந்து கரும்புப் பணம் வரும்போது வரட்டும் என்று விட்டுவிடுவோம். அன்றாடம் வீடு நடந்ததும் மிச்சம் நின்றதும் பாலில்தான்.

என் நாத்தனார் கூட்டத்தில் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். பாங்கி அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார்: "நீங்க என்ன வேலை செய்றீங்கம்மா?"

அவள் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "அது சும்மா வூட்ல இருக்குது."

அவள் தட்டோடு அடுத்த வரிசைக்குப் போனாள். நடக்கும்போது வலது காலை இழுத்து இழுத்து வைத்தாள். அதை அன்றைக்குத்தான் கவனித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருஷமாகவே அப்படித்தான் நடந்தாள்.

அடுத்த மாதம் அரியூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஊரில் மருத்துவ முகாம் போட்டார்கள். முட்டியில் நீர் கோத்திருக்கிறது, பத்து நாள் வந்து படுத்தால் சரியாக்கலாம், மருந்தும் சாப்பாடும் இனாம், வேன் வந்து ஏற்றிப் போகும் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"பத்து நாளுதான் அண்ணி. போயிட்டு ஓடியாந்துடறேன்."

"பத்து நாளைக்கு மூணு மாட்ட எவ கறப்பா?"

"மருமவகிட்ட சொல்லி குடுத்துட்டு போறேன்."

"அது பிளஸ் டூ படிச்ச பொண்ணு. சாணி வாடைக்கே மூக்க பொத்துது. உனக்கு வலிக்கறது முட்டிதான? கறக்கறது கைதான? கை நல்லாத்தான இருக்குது?"

அவள் சிரித்தாள். "குந்துனாதான அண்ணி கறக்க முடியும்?"

"அப்ப ஒரு முக்காலி போட்டு குந்து."

"போன பொங்கலுக்கே முக்காலி கேட்டேன். வீண் செலவுன்னு சொல்லிட்ட."

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். "ஒன் முட்டிக்காக நான் மூணு மாட்டு பால எழக்க முடியாது" என்றேன். இனாமாகக் கிடைத்ததை நான் தடுத்தது அந்த ஒரு தடவைதான். பத்து நாள் பாலை நினைத்துத் தடுத்தேன்.

வேன் திங்கட்கிழமை காலையில் வந்தது. அவள் அன்றைக்கும் கறந்தாள், சொசைட்டிக்கு ஊற்றினாள், கொட்டாயைக் கழுவினாள். பிறகு அந்தப் பழைய துணிப் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் வாசலுக்கு வந்தேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"முப்பத்தோரு வருஷம் தின்ன சோத்த மறந்துட்டு போற இல்ல?" என்று கேட்டேன்.

வேன் படியில் கால் தூக்கி வைக்க அவளால் முடியவில்லை. டிரைவர் கை கொடுத்தான். ஏறி உட்கார்ந்த பிறகு சன்னல் வழியாகச் சொன்னாள்: "செவலைக்கு சாயங்காலம் புண்ணாக்கு ஊற வச்சிருக்கேன் அண்ணி."

பத்து நாள் முடிந்தது. அவள் வரவில்லை. முட்டி தேறிவிட்டது, ஆனால் இனிமேல் குந்தி வேலை செய்யக் கூடாது என்று சொன்னார்களாம். அங்கேயே மாணவிகள் விடுதிச் சமையலுக்குக் காய் நறுக்க ஆள் தேடியிருக்கிறார்கள். உட்கார்ந்த வேலை, தங்க இடம், மாதம் பிறந்தால் சம்பளம். என் மகனுக்குப் போன் செய்து, "நான் இங்கயே இருந்துக்கறேன்பா" என்று சொல்லியிருக்கிறாள். என்னிடம் கொடு என்று கேட்கவில்லை.

மூன்று மாட்டில் ஒன்று சினையாகிப் பால் வற்றத் தொடங்கியிருந்தது. கறுப்பு பாதிப் பால் கொடுத்தது. வீட்டைத் தாங்கியது செவலைதான். காலையில் மட்டும் எட்டு லிட்டர் கறக்கும். நான் கடைசியாக மடியில் கை வைத்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. அவள் போன முதல் நாளே என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மகனிடம் ஒரு முக்காலி வாங்கி வரச் சொன்னேன். சாயங்காலமே வந்துவிட்டது. மருமகள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். போகிற போக்கில், "சின்னத்த கேட்டது இதே மாதிரிதான்" என்று சுவரிடம் சொன்னாள்.

செவலை பாலை எக்கிக்கொண்டது. மடி கல் மாதிரி இருக்கிறது, காம்பை இழுத்தால் ஒன்றும் வரவில்லை. கன்றுக்குட்டியை விட்டுப் பார்த்தேன், தவிடு வைத்துப் பார்த்தேன். திரும்பி என்னை முகர்ந்து பார்த்துவிட்டுக் காலை மாற்றி வைத்தது. கூலிக்குக் கறக்கிற ஆளை வரச் சொன்னால் அவன் கையையும் உதைத்துத் தள்ளியது.

சொசைட்டியில் பால் அளக்கிறவர்தான் வழி சொன்னார். "கை மாறினா சில மாடு ஒத்துக்காதும்மா. அந்தம்மா கட்டின பொடவ ஏதாச்சும் வூட்ல இருக்குதா? தொவைக்காதது? அத கட்டிகினு குந்து. மாடு கண்ண நம்பாது, மூக்கத்தான் நம்பும்."

கொட்டாயில் ஓர் ஆணியில் அவள் கறக்கும்போது கட்டுகிற புடவை தொங்கிக்கொண்டிருந்தது. பச்சைப் புடவை, மஞ்சள் கரை. ஒரு காலத்தில் என் புடவை. திருக்காஞ்சிக்கு மாசி மகத்துக்குக் கட்டிக்கொண்டு போனது. அப்போது இந்தத் தெருவில் அந்த மாதிரிப் புடவை யாரிடமும் இல்லை. இப்போது கரை நைந்து, முந்தானையில் சாணிக்கறை ஏறி, வேர்வையும் புல்லும் பாலும் புளித்த ஒரு வாடை. மூச்சை அடக்கிக்கொண்டு கட்டினேன்.

செவலை முகர்ந்தது. நாக்கை நீட்டி என் தோளை ஒரு தடவை நக்கியது. பிறகு பாலை விட்டது. செம்பில் பால் விழுந்த சத்தம் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு மாட்டை ஏமாற்ற நான் அவளாக ஆக வேண்டியிருந்தது.

பதினோரு நாள் அப்படி ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலையில் நான் மாட்டுக்கு அடியில் முகம் புதைத்து உட்கார்ந்திருக்கும்போது, கொல்லைப் படலைத் திறந்துகொண்டு யாரோ வந்தார்கள். மேலத்தெருவில் பூக்கட்டி விற்கிறவள். முதுகையும் பச்சைப் புடவையையும் பார்த்து என் நாத்தனார் என்று நினைத்துக்கொண்டாள்.

"யக்கா! எப்ப வந்த? போயிட்டன்னு சொன்னாளுங்க. நான் அப்பவே சொன்னேன், அது எங்க போவும், மாட்ட வுட்டுட்டு இருக்குமான்னு."

நான் திரும்பவில்லை. காம்பைப் பிடித்த கையை நிறுத்தவும் இல்லை.

"இன்னாது, முக்காலி போட்டு குந்தியிருக்குற? மவராசி வாங்கி குடுத்துட்டாளா? இன்னிக்கு மழதான் போ." பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள். "யக்கா, நீ கொஞ்சம் அவகிட்ட சொல்லேன். பெரியவளுக்கு காலேஜி பீசு கட்டணும், ரெண்டாயிரம் கொறையுது. நானே கேட்டா வாசல்ல நிக்க வச்சி ஏலம் வுடுவா. வயசுப் பொண்ணு, அதுக்கு அவமானமா இருக்குதுன்றா."

நான் கறந்துகொண்டே இருந்தேன். அவளுக்கு அது தைரியம் கொடுத்தது.

"நீ ஒண்ணும் பேச மாட்ட. பேசாம பேசாமத்தான் ஒன்ன அந்தக் கோலத்துக்கு ஆக்கிட்டா. கூட்டத்துல கைதட்டுனாங்களே, எனக்கு அப்பிடியே பத்திகினு வந்துச்சி. யாரு மிச்சம்க்கா அது? அரை வயித்துக்கு சோறு போட்டு ஒன்ன கறந்தா, எவ வூட்லதான் மிச்சம் நிக்காது?"

செம்பு நிறைந்தது. நான் எழுந்து திரும்பினேன். அவள் முகம் ரத்தமில்லாமல் வெளுத்ததை நின்று பார்த்தேன். அதை எழுத வேண்டாம் என்று டீச்சரம்மா சொன்னார். பார்த்தேன், நன்றாக இருந்தது.

"பீசு எப்ப கட்டணும்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு…"

"தெருப்பக்கம் வந்து கேளு."

வந்தாள். வராமல் எங்கே போவாள்? வாசலில் நின்று சொன்னாள். நான் உள்ளே இருந்து, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றேன். சொன்னாள். "பொண்ணு பேருக்குத்தான?" "ஆமாம்மா." பணத்தைக் கொடுத்தேன். கொடுக்காமல் விட்டதில்லை நான். ஆனால் இரண்டு தடவை சொல்ல வைத்தேன். கொட்டாயில் அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதற்காகத்தான் அப்படிச் செய்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பச்சைப் புடவை என் உடம்பில் எரிந்தது. நான் இந்த வீட்டுக்காரி, கொட்டாய்க்காரி இல்லை என்று யாருக்காவது காட்ட வேண்டும் போல இருந்தது. மோட்டார் போட்டு, சோப்புத்தூள் கொட்டி ஊறவைத்து, கல்லில் அடித்து, மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். முப்பது வருஷத்துக் கறை அவ்வளவு சீக்கிரம் போகாது. வாடை போய்விட்டது.

மறுநாள் செவலை என்னை முகர்ந்துவிட்டு உதைத்தது. செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மணிக்கட்டு வீங்கிப்போனது. மருமகள் வந்து என்னைத் தூக்கினாள், புடவையை மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"தொவச்சிட்டீங்களா அத்த?"

"அழுக்கா இருந்துச்சி."

"பாலே அந்த அழுக்குலதான அத்த இருந்துச்சி" என்றாள்.

நாலு நாள் பால் உள்ளேயே கட்டி நின்றது. ஐந்தாம் நாள் மடி சிவந்து நெருப்பாகக் காய்ந்தது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார், மறுபடி வந்தார், மறுபடி போட்டார். இரண்டு காம்பு போய்விட்டது என்றார். மிச்ச இரண்டையாவது காப்பாற்ற வேண்டுமானால் பால் உள்ளே தங்கக் கூடாது, முழுக்கக் கறந்து எடுக்க வேண்டும் என்றார். அந்த மாதம் எங்கள் வீட்டில் செலவு வரவைத் தாண்டியது. நாற்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவை. ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தெருவில் நடந்து போகும்போது எல்லாருக்கும் தெரிந்த மாதிரி இருந்தது.

மகன் சொன்னான்: "ஒண்ணு, அத்தைய போய் கூட்டிகினு வா. இல்ல, மாட்ட வித்துடு."

நான் அவளைக் கூப்பிடப் போகவில்லை. அது என்னால் முடியாது. அவள் கட்டிய துவைக்காத புடவை ஒன்றை வாங்கி வரலாம் என்று போனேன். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். அவளுடைய பாங்கி புத்தகத்தையும் பீரோவிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போய் ஒன்றைக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. வில்லியனூரில் இறங்கி வேறு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நான் கொடுக்கிற மாதிரியே கேட்டுவிடலாம் என்று வைத்திருந்தேன்.

விடுதிச் சமையல்கட்டு பெரிய கொட்டகை. நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில், நீலச் சீருடைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கையருகில் ஒரு டம்ளர், அதில் பாதி குடித்த பால் காபி.

"வாங்க அண்ணி" என்றாள்.

முப்பத்தோரு வருஷம் "வா அண்ணி, போ அண்ணி" என்றவள். அந்த மரியாதை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது எனக்குப் புரிந்தது.

"யாருக்கா இது?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"எங்க அண்ணி. பெரிய வூடு. எப்பவும் மிச்சம் நிக்கிற வூடு."

"நல்லா இருக்குறியாடி?" என்றேன்.

"சும்மா உக்காந்துகினு இருக்குறேன் அண்ணி. அதுக்கே சம்பளம் குடுக்கறாங்க."

"கொஞ்சம் வெளிய வா. ஒண்ணு கேக்கணும்."

"வேல நேரம், எழுந்திருக்க கூடாது. இங்கயே கேளுங்க." அவள் காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் ஏதோ முணுமுணுத்தேன். அப்போது தலை நிமிர்ந்தாள். "சத்தமா சொல்லுங்க அண்ணி, காதுல வுழல."

கத்திகள் நின்றுவிட்டன. கேட்டவளைப் பார்த்தேன். அவள் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டுத் திரும்பி வந்திருப்பேன். என் வாசலில் நான் எத்தனை பேரை எப்படிப் பார்த்தேனோ, அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பொறுமையாக.

"நீ கட்டின பொடவ ஒண்ணு வேணும்" என்றேன். "தொவைக்காதது."

ஒருத்தி சிரித்துவிட்டாள். இன்னொருத்தி, "பட்டு கட்டிகினு வந்து பழைய பொடவ கேக்குதே" என்றாள். என் நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை.

"செவலைக்கா?" என்று கேட்டாள்.

"ம்."

"எத்தினி காம்பு போச்சி?"

"ரெண்டு."

கத்தியைக் கீழே வைத்தாள். "நான் போனது அதுக்கு தெரியாது பாருங்க. காலையில படலத்தான் பாத்துகினு இருக்கும்" என்றாள். பிறகு தன் கையை முகர்ந்து பார்த்தாள். "என் ஒடம்புல இப்ப ஏது அண்ணி மாட்டு வாட? வெங்காயமும் பினாயிலுந்தான். என் பொடவைய கட்டுனா அது ஒங்களயும் உதைக்கும், என்னயும் உதைக்கும்."

அப்போதுதான் நான் பையிலிருந்து பாங்கி புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "ஒரு மாசம் வந்து இருந்துட்டு போ. குந்த வேணாம், முக்காலி வாங்கியாச்சி" என்று சொன்னேன். சொல்ல மாட்டேன் என்று இருந்ததைச் சொல்லியே விட்டேன்.

"யாருக்கு வாங்குனீங்க?" என்றாள்.

அவள் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் என் பக்கம் தள்ளினாள். "இத நீங்களே வச்சிக்குங்க. முப்பத்தோரு வருஷம் தின்ன சோத்துக்கு. போதலன்னா சொல்லுங்க, மாசா மாசம் எனக்கும் மிச்சம் நிக்குது."

எழுந்து மெதுவாக உள்ளே போனாள். காலை இழுக்காமல் நடந்தாள். திரும்பி வரும்போது கையில் ஒரு புடவை இருந்தது. பூப்போட்ட பாலியஸ்டர், துவைத்து மடித்தது. அவள் சம்பளத்தில் அவளே எடுத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. நான் இந்த மாதிரிப் புடவை அவளுக்குக் கொடுத்ததே இல்லை.

என் கையில் வைத்தாள். "மாட்டுக்கு ஆவாது. உங்களுக்கு ஆவும். ரெண்டு வாட்டிதான் கட்டுனது, பண்டிகைக்கு கட்டிக்குங்க."

கை நீட்டாத வீடு என்றேனே, அன்றைக்கு அந்தக் கை நீண்டுதான் இருந்தது. உதறிவிட்டு வந்திருக்கலாம். என் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. கிடைத்ததை விடக் கூடாது என்று நாற்பத்து நாலு வருஷம் பழகிய விரல்கள்.

அடுத்த வாரம் செவலையைத் தரகன் வந்து ஓட்டிப் போனான். இரண்டு காம்பு மாட்டுக்கு அவன் சொன்ன விலையை எழுத மாட்டேன். வண்டியில் ஏற்றும்போது அது படலைத் திரும்பிப் பார்த்தது. மிச்ச இரண்டு மாட்டையும் மகன் விற்றுவிட்டான். மருமகள் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் சம்பளம் அவள் கையில். உலைக்கு அரிசியும் அவள்தான் போடுகிறாள், பிடி எடுப்பதில்லை. சில மாதம் கொஞ்சம் நிற்கிறது, சில மாதம் பக்கத்து வீட்டில் வாங்குகிறோம். வாங்கப் போகிறவள் நான். கொல்லைப் பக்கமாகப் போவதில்லை, தெருவாசலில் நின்று எதற்கு என்று சொல்லித்தான் கேட்கிறேன். அவர்கள், "உள்ள வாங்கம்மா, எதுக்கு கத்தறீங்க" என்கிறார்கள். உள்ளே போகவில்லை. காலையில் எல்லாரும் பால் காபி குடிக்கிறோம், பாக்கெட் பால்.

என் நாத்தனார் இன்னும் அரியூரில்தான் இருக்கிறாள். மேலத்தெருப் பூக்காரியின் மகளுக்கு இந்த வருஷம் பீசு கட்டியது அவள்தானாம். எதற்கு என்று கேட்காமலே அனுப்பினாளாம். பூக்காரியே என் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பூப்போட்ட புடவை பீரோவில் இருக்கிறது, அவளுடைய பாங்கி புத்தகத்துக்குப் பக்கத்தில். மூன்று பொங்கல் போய்விட்டது, நான் கட்டவில்லை. எடுத்து எறியவும் இல்லை. நல்ல துணி. எறிவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை.